பெயரை மாற்றும் முன்

தஞ்சாவூர்ப் பக்கம் செல்போன் வந்த புதிதில் இணைப்பு வாங்கியவர்கள் சிலரிடம் இன்றும் 98430 என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த சிம் வந்த உறையில் பி.பி.எல். என்று அச்சிட்டிருந்தது. 2006 வாக்கில் அது ஹட்ச் ஆனது. 2007 செப்டம்பரில் வோடஃபோன் ஆனது. 2018 ஆகஸ்டில் அந்த நிறுவனம் ஐடியாவோடு இணைந்தது. 2020 செப்டம்பர் 7 அன்று இரண்டும் சேர்ந்து 'வி' என்று பெயர் சூட்டிக்கொண்டன. எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த அத்தியாயம் டெல்டாவில் சிறிய அளவில் தொழில்நுட்பத் தொழில் நடத்துகிறவர்களுக்கு: அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர், கேபிள் டிவியோடு இன்டர்நெட் இணைப்பும் கொடுக்கிறவர், வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே ஓடவிட்டு நிறுத்தும் செல்போன் ஸ்டார்ட்டர் தயாரிக்கிறவர், சிசிடிவி மாட்டுகிறவர். தொழில் சில வருடம் ஓடி நிலைத்ததும் இவர்களில் பலருக்குப் பெயரை மாற்றத் தோன்றும். பங்குதாரர் பிரிந்திருப்பார். அல்லது படித்துவிட்டு வந்த மகன், "இந்தப் பேர வச்சிக்கிட்டு கோயம்புத்தூர்ல போயி நிக்க முடியாதுப்பா" என்பான். டிசைனர் ஒருவர் லோகோ, நிறம், பலகை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்வார். அவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

பிடி எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு வாடிக்கையாளரும் உங்கள் நிறுவனத்தை ஏதோ ஓரிடத்தில் பிடித்திருக்கிறார். தவலையைத் தூக்குகிறவர் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார். அதன் வயிற்றில் பெயர் வெட்டலாம், உள்ளே ஈயம் பூசலாம், அவர் தூக்கிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. பெயர் மாற்றத்தில் நேரும் சேதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. முதலாளி நினைக்கும் பிடி ஒன்று, வாடிக்கையாளர் உண்மையில் பிடித்திருப்பது வேறு.

செல்போனை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் எண்ணின் முதல் நாலைந்து இலக்கத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். 94430 என்றால் பி.எஸ்.என்.எல்., 98940 என்றால் ஏர்டெல், 98424 என்றால் ஏர்செல். கல்யாணப் பத்திரிகையிலும் டிராக்டரின் பின்பக்கத்திலும் உரக்கடை ரசீதிலும் ஏறியது அந்த எண்தான். 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்ற வசதி நாடு முழுக்க வந்தது. அன்றிலிருந்து பிடி முழுவதுமாக வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. கம்பெனியின் பெயர், அவர் எண்ணை இந்த மாதம் சுமக்கும் வண்டியின் பெயர், அவ்வளவுதான்.

ரீசார்ஜ் கடையில் பத்து நிமிடம் நின்றால் இது காதில் விழும்.

"தம்பி, நம்ம ஹட்ச்சுக்கு ஒரு மாசத்துக்குப் போட்டு விடு."

"பெரியப்பா, அது வோடஃபோனாகி, இப்ப வி.ஐ.யும் ஆயாச்சு."

"பேர எதையாவது வச்சிக்கிட்டுப் போறான். அம்மாபேட்டை தாண்டுனா டவர் எடுக்குமா, அதச் சொல்லு."

அந்தப் பெரியவர் பழைய பெயர்மேல் பாசம் வைத்துப் பேசவில்லை. புதுப் பெயரைக் கற்றுக்கொள்ள அவருக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எண் அதுதான், ரீசார்ஜ் போடும் கடை அதுதான், சிக்னல் விட்டுப்போகும் இடமும் அதுதான்.

வோடஃபோன் 2007-இல் இதை ஓரளவு புரிந்துகொண்டு நடந்தது என்றே சொல்ல வேண்டும். ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடிய அந்தப் பக் நாய்க்குட்டியை அவர்கள் விடவில்லை. பெயர் மாறிய நாளின் விளம்பரத்தில் அதே நாய் வெளியே போய்விட்டுத் திரும்பி வரும். அதன் கூண்டு சிவப்பாக மாறியிருக்கும். பெயரும் நிறமும் மாறின, முகம் மாறவில்லை. 2020-இல் 'வி' வந்தபோது கூடவே வந்த பழைய முகம் என்று எதுவும் இல்லை. 2018-இல் இணைந்தபோது அந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 40 கோடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். புதுப் பெயர் வந்த சமயத்தில் சுமார் 27 கோடி. 2025 மார்ச்சில் 20 கோடிக்கும் கீழே. இதற்குப் பெயரைக் குறை சொல்வது நியாயமில்லை. 2019 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தலைமேல் விழுந்த பாக்கி, அதனால் தள்ளிப்போன 4ஜி முதலீடு, ஜியோவின் போட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடித்தால் ஒழுகல் நிற்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் நாட்டில் இல்லை.

ஆகவே முதல் வேலை: ஒரு வாரம் உங்கள் கடைக்கு வரும் போன் அழைப்புகளைக் கவனியுங்கள். அழைப்பவர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பதிவு செய்த பெயரைச் சொல்கிறவர் குறைவாகவே இருப்பார். "பச்சைப் பெட்டி ஸ்டார்ட்டர் கம்பெனியா?" என்பார் ஒருவர். "மெக்கானிக் குமாரோட ஆபீஸா?" என்பார் இன்னொருவர். ஆலைக்காரர் உங்கள் மென்பொருளைத் திறக்கும்போது வரும் மஞ்சள் திரையைச் சொல்வார். அந்த நோட்டில் அதிகம் வரும் சொல் எதுவோ அதுதான் பிடி. பச்சைப் பெட்டிதான் பிடி என்று தெரிந்தால் பெயரைத் தாராளமாக மாற்றுங்கள், பெட்டியை நீலமாக்கிவிடாதீர்கள். குமார்தான் பிடி என்றால் முதலில் குமாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டு டெல்டாக்காரர்கள் மாற்றிய விதம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு 1996-இல் கூட்டாளிகளோடு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அட்வென்ட்நெட். நெட்வொர்க் கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள்தான் அவர்கள் தொழில். 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் இணையத்திலேயே இயங்கும் அலுவலக மென்பொருள்களை வெளியிடத் தொடங்கினார்கள். அது பரவியது. வாங்குகிறவருக்கு ஜோஹோவைத் தெரியும், அட்வென்ட்நெட் யாரென்று தெரியாது. 2009-இல் நிறுவனமே ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் வாயில் ஏற்கெனவே இருந்த பெயரை எடுத்து நிறுவனத்தின் தலையில் வைத்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மேனேஜ்என்ஜின் என்ற அவர்களது மற்றொரு தயாரிப்பு வரிசையை அந்தப் பெயரிலேயே விட்டுவிட்டார்கள். அதை வாங்கும் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் அந்தப் பெயரில்தான் தேடினார்கள்.

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் தஞ்சாவூர் சாஸ்த்ராவில் பொறியியல் படித்தவர், அட்வென்ட்நெட்டில் வேலை பார்த்தவர். 2010-இல் சென்னையில் அவர் தொடங்கிய நிறுவனம் ஃபிரெஷ்டெஸ்க். வாடிக்கையாளர் புகார்களை ஒரே இடத்தில் கவனிக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர். பிறகு விற்பனைக்கு ஒன்று, அலுவலகத்தின் உள் சேவைக்கு ஒன்று என்று மென்பொருள்கள் பெருகின. 2017 ஜூனில் நிறுவனத்துக்கு ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஃபிரெஷ்டெஸ்க் மென்பொருள் ஃபிரெஷ்டெஸ்க்காகவே நீடித்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அந்த நிறுவனம் ஏறியது புதுப் பெயரில்.

இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒருவர் பொருளின் பெயரை மேலே ஏற்றினார். மற்றவர் பொருளின் பெயரைக் கீழேயே விட்டு அதற்கு மேல் புதுப் பெயர் ஒன்றைக் கட்டினார். ஆனால் தினமும் காலையில் வாடிக்கையாளர் சொடுக்கித் திறக்கும் பெயரை இருவருமே தொடவில்லை. எனக்குத் தெரிந்து மென்பொருள் தொழிலில் பெயர் மாற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இதைத் தேடி ஹார்வர்டுக்குப் போக வேண்டாம், டெல்டாவோடு வேர் உள்ள இருவரே செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு வேண்டுமா? 2023 ஜூலையில் ட்விட்டர் 'எக்ஸ்' ஆனது. கோடிக்கணக்கானோர் தினமும் தொட்ட அந்த நீலக் குருவியையே எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் நெடுநாள் வரை 'எக்ஸ்' என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே பழைய பெயரையும் எழுத வேண்டியிருந்தது. உலகப் பணக்காரர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் சேதம் அது. பாபநாசத்தில் அறுபது ஆலைகளுக்கு மென்பொருள் விற்கிறவர் தாங்க மாட்டார்.

கும்பகோணம் வழி: அவசரப்படாமல் மாற்றுவது

1904-இல் கும்பகோணத்தில் தி கும்பகோணம் பேங்க் லிமிடெட் தொடங்கியது. 1965-இல் சிட்டி ஃபார்வர்ட் பேங்க், யூனியன் பேங்க் என்ற இரண்டு வங்கிகள் அதனோடு சேர்ந்தன. அப்போது மூன்று பெயரையும் கோத்து 'தி கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க்' என்று வைத்தார்கள். எந்த வங்கியின் பழைய வாடிக்கையாளரும் பெயர்ப் பலகையைப் பார்த்தால் தன் சொல் ஒன்று அதில் இருக்கும். 1987-இல்தான் 'கும்பகோணம்' என்ற சொல்லை எடுத்து சிட்டி யூனியன் பேங்க் ஆக்கினார்கள். இடையில் 22 ஆண்டுகள். தலைமையகம் இன்றும் கும்பகோணத்தில்தான். பின்னாளில் 2016-இல் 'லட்சுமி' என்ற ரோபோவைக் கிளையில் நிறுத்தித் தன்னைத் தொழில்நுட்ப வங்கியாகக் காட்டிக்கொள்ள முயன்றதும் இதே வங்கிதான்.

உங்களுக்கு 22 ஆண்டு அவகாசம் இருக்காது. இருந்தாலும் வழி அதுதான்: முதலில் புதுச் சொல்லைப் பழைய பெயரோடு சேருங்கள், ஊர் வாய் பழகட்டும், பிறகு பழையதை எடுங்கள்.

பெயர் பெரிதாகப் பெரிதாக உள்ளூர்க்காரர் கையிலிருந்து நழுவும் என்பதற்கும் தஞ்சாவூரிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. புதுக்கோட்டை சாலையில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்தது, பி.பி.ஆர்.சி. என்பார்கள். பிறகு பயிர் பதன தொழில்நுட்பக் கழகம், அதன் பிறகு உணவு பதன தொழில்நுட்பக் கழகம், 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நிஃப்டெம்-தஞ்சாவூர் என்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். நெல் பயிராகி, பயிர் உணவாகி, ஒவ்வொரு படியிலும் பெயரின் வீச்சு விரிந்தது. மாணவருக்கும் ஆய்வாளருக்கும் இது லாபம். புழுங்கலரிசி ஆலை வைத்திருப்பவருக்கு மட்டும், "இது நமக்கான இடமா?" என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு நிறுவனம் அதைத் தாங்கும். நீங்கள் வட்டாரத்தை விட்டு வெளியே வளர்வதற்காகப் பெயர் மாற்றுகிறீர்கள் என்றால், வட்டாரத்துக்காரருக்கு வாசல் எது என்று காட்ட ஒரு ஆளையோ ஒரு தொலைபேசி எண்ணையோ ஒதுக்கி வையுங்கள்.

பெயரோடு எது மாறுகிறது?

டெல்டா விவசாயிக்குப் பெயர் மாற்றம் புதிதல்ல. விதை நெல்லில் அவர் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சிஆர் 1009 என்ற நீண்ட கால சம்பா ரகம் இங்கே பல ஆண்டுகளாக நடப்படுகிறது. பொன்மணி என்றும் சொல்வார்கள். வெள்ளத்தில் மூழ்கினாலும் பத்துப் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும் மரபணுவைச் சேர்த்து அதை மேம்படுத்தியபோது வைத்த பெயர் சிஆர் 1009 சப்-1. பழைய பெயர் முழுசாக இருக்கிறது, கூடுதலாக என்ன வந்தது என்பது வாலில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கித் தண்ணீர் வடிந்ததும் அந்த வாலுக்கு என்ன மதிப்பு என்று விவசாயி தானே பார்த்துக்கொள்வார். தொழில்நுட்பப் பொருள் விற்கிறவர்கள் விளம்பர நிறுவனத்திடம் கற்பதைவிட ஆடுதுறை விதைக் கிடங்கில் கற்றுக்கொள்ளலாம்.

இதோடு பி.எஸ்.என்.எல். கதையை ஒப்பிடுங்கள். 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை ஏற்றின. அந்த மாதம் மட்டும் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் எண்ணிக்கை 29 லட்சத்துக்கு மேல் கூடியதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கு சொன்னது. அப்போது லோகோ பழையதுதான். அக்டோபர் 22 அன்று காவி நிறத்தில் புது லோகோவும் 'கனெக்டிங் பாரத்' என்ற புது முழக்கமும் வந்தன. நவம்பரில் எண்ணிக்கை குறைந்தது. சொந்தத் தொழில்நுட்பத்தில் கட்டிய 4ஜி சேவையை ஏறத்தாழ 97,500 டவர்களோடு பிரதமர் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27 அன்றுதான். வந்த மக்கள் மலிவான கட்டணத்துக்காக வந்தார்கள். போனவர்கள் வேகம் போதாமல் போனார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். லோகோ ஓராண்டு பொறுத்திருந்து 4ஜியோடு வந்திருந்தால், திரும்பி வந்தவர் அந்த நிறத்தைப் புது வேகத்தோடு சேர்த்து மனதில் வைத்திருப்பார். முன்னாலேயே வந்ததால் அது வெறும் பெயின்டாகப் பார்க்கப்பட்டது.

புதுப் பெயர் எதிர்பார்ப்பைக் கிளப்பும். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும், ஆனால் தொழில்நுட்பத்தில் கூடுதலாகப் பொருந்தும். பலகாரக் கடை பெயர் மாறினால் வந்து ஒரு வாய் தின்று பார்ப்பார்கள். பிராட்பேண்ட் கம்பெனி பெயர் மாறினால் அன்று ராத்திரியே வேகத்தை அளந்து பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்துக் கேபிள் அறுந்திருந்தால் வாழ்நாளுக்கும் அந்தப் பேச்சு ஓயாது. எனவே முதலில் வேலையை முடியுங்கள். ஃபைபர் இழுத்து முடித்து, இரண்டு மாதம் சோதித்துப் பார்த்து, "என்னங்க, இப்பல்லாம் நெட்டு நிக்கிறதே இல்ல" என்று வாடிக்கையாளரே சொல்லும் நாளுக்குப் பிறகு பலகையை மாற்றுங்கள்.

கைமாறிடுச்சாமே?

பெயர் மாறியதும் டீக்கடையில் வரும் முதல் கேள்வி இதுதான். டெல்டாவில் அப்படிக் கேட்பதற்குக் காரணமும் உண்டு.

2018 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஏர்செல் நின்றது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கேயே வேர்விட்ட நிறுவனம் அது. சிக்னல் போனதும் எண்ணைக் காப்பாற்ற எல்லாரும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பப் பார்த்தார்கள், சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எப்படி அனுப்புவது? வேறு கம்பெனிக்கு மாறத் தேவையான போர்ட் எண்ணுக்காக மக்கள் அலைந்தார்கள். மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டை எங்கும் மின்கம்பமும் டவரும் சாய்ந்தன. எந்தப் பெயர் நல்ல பெயர் என்று அந்த வாரம் யாரும் விவாதிக்கவில்லை. எது முதலில் வேலை செய்கிறது என்று மொட்டை மாடியில் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வரும் அழைப்பும் நின்றுவிடும் என்ற நடைமுறையும் வந்து சேர்ந்தது. இப்படி ஓர் ஆண்டைக் கடந்தவர்கள் கம்பெனி அறிவிப்பை நம்பிக்கையோடு படிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு ஆண்டு கழித்து லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை. பத்து நாளில், 27-ஆம் தேதி, டி.பி.எஸ். வங்கியோடு இணைப்பு. பணம் பத்திரமாகவே இருந்தது. ஆனால் பலகை மாறியதைப் பார்த்தவர் மனதில் பதிந்தது அந்தப் பத்து நாள். அந்த இணைப்பில் பாராட்ட வேண்டியதும் ஒன்று உண்டு: பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகளை உடனே கொல்லாமல் ஓராண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். பென்ஷன், கேஸ் மானியம், வட்டி எல்லாம் பழைய குறியீட்டிலேயே வந்து விழுந்தன.

ஆகவே, பெயர் ஏன் மாறுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "பங்குதாரர் விலகியதால் பெயரை மாற்றியிருக்கிறோம், கடை, ஆட்கள், வாரன்ட்டி எல்லாம் பழையபடிதான்." இவ்வளவு போதும். "புதிய பரிமாணத்தை நோக்கிய எங்கள் பயணத்தில்" என்று தொடங்கும் அறிவிப்பைப் படித்ததும், கம்பெனி கைமாறிவிட்டது என்ற முடிவுக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். வாரன்ட்டி அட்டையில் பழைய பெயர் இருந்தாலும் செல்லும் என்று தனியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கியவருக்கு உங்கள் லோகோவைவிட அந்த ஒரு வரி முக்கியம்.

அதை முதலில் யாரிடம் சொல்வது? வாடிக்கையாளரிடம் அல்ல. மோட்டார் மெக்கானிக், காயில் கட்டுகிறவர், ரீசார்ஜ் கடைக்காரர், ஆலைக் கணக்குப்பிள்ளை, உங்கள் பொருளை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் ஆகியோரிடம். பலகை ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே இவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுச் சொல்லிவிடுங்கள். விவசாயி, "என்னப்பா, அந்தக் கம்பெனி என்னாச்சு?" என்று கேட்கப்போவது இவர்களைத்தான். "ஒண்ணும் ஆகலண்ணே, பேருதான் மாத்திருக்காங்க" என்று மெக்கானிக் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பெரிய தினசரியில் அரைப் பக்க விளம்பரம் ஈடாகாது. அவருக்கே தெரியாமல் மாற்றினால், "தெரியலையே, மூடிட்டாங்க போல" என்பார். அதுவும் அதே வேகத்தில் பரவும்.

எந்த மாதம்?

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஆடியில் பலகை மாற்ற வீட்டில் ஒப்ப மாட்டார்கள். ஒப்பினாலும் யாரும் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், மின்தடை. அப்போது பெயர் மாற்றி, கூடவே இணைப்பும் அறுந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணம் ஏறியதற்கான எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் காலம். பழக்கமில்லாத பெயரில் ஒரு செய்தி வந்தால் மோசடி என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதே அவர்களுக்கு நல்லது.

மிச்சம் இருப்பது மார்ச் கடைசியிலிருந்து மே வரை. கையில் பணம் இருக்கும், நேரம் இருக்கும். ஏப்ரல் 1 அன்று மாற்றினால் நிதியாண்டுக் கணக்கும் சிக்கலில்லாமல் பிரியும், ஆடிட்டர் வாழ்த்துவார்.

எஸ்.எம்.எஸ். பற்றிப் பேச்சு வந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓ.டி.பி., ரசீது, நினைவூட்டல் என்று நீங்கள் அனுப்பும் செய்திகளுக்கு மேலே வரும் ஆறெழுத்துக் குறியையும், செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு கம்பெனிகளின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவு செய்திருப்பீர்கள். புதுப் பெயருக்குக் குறியையும் வாசகங்களையும் மறுபடி பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையை நாடு முழுக்க ஒரே நாளில் நடைமுறைப்படுத்தியபோது வங்கி ஓ.டி.பி.க்களே வராமல் போய், டிராய் ஒரு வாரம் அதை நிறுத்திவைத்தது. பெரிய வங்கிகளுக்கே அந்தக் கதி. புதுக் குறிக்கு ஒப்புதல் வந்து, நாலு போனில் அனுப்பிச் சோதித்த பிறகே பழையதை நிறுத்துங்கள்.

காகித வேலை

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். மிச்சத்தை ஆடிட்டரும் வக்கீலும் பார்த்துக்கொள்வார்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. பிறகு பதிவாளரிடம் புதுச் சான்றிதழ். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பெயர் மாறி இரண்டு ஆண்டு வரை பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் புதுப் பெயரோடு பழைய பெயரையும் போட வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் சட்டம் இலவசமாகக் கொடுக்கும் விளம்பரம் இது. தனிநபர் கடை, பங்குதாரர் நிறுவனம் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; இருந்தாலும் செய்யுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் 15 நாளுக்குள் மாற்றம் கொடுத்தாக வேண்டும்.

பெயரை முடிவு செய்யும் முன் வணிகக்குறிப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். மென்பொருளுக்கும் மின்னணுக் கருவிக்கும் 9-ஆம் வகுப்பு, மென்பொருள் சேவைக்கு 42, தொலைத்தொடர்புக்கு 38. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பலகை ஏறி ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வருவதைவிட இது மலிவு. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி. டிசைனர்கள் பெரும்பாலும் ஆங்கில லோகோவை வரைந்து முடித்துவிட்டுத் தமிழை ஓரத்தில் செருகுவார்கள். தமிழ் எழுத்தில் அந்தப் பெயர் எப்படி நிற்கிறது என்று முதலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பழைய இணைய முகவரி. புதுத் தளம் வந்ததும் பழையதற்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் எதற்கு என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அது காலாவதியானால் வேறு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் உங்கள் பழைய மின்னஞ்சல் முகவரிகளையும் மறுபடி உருவாக்கலாம். பழைய முகவரிக்கு ஆலைக்காரர் அனுப்பும் கணக்கு, வங்கி அனுப்பும் கடிதம், பாஸ்வேர்டை மாற்றக் கேட்டால் வரும் இணைப்பு எல்லாம் அவர் பெட்டியில் போய் விழும். பழைய டொமைனைக் குறைந்தது பத்து ஆண்டுக்குப் புதுப்பித்துப் புதுத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். புதுப்பிப்பு நினைவூட்டல் வரும் மின்னஞ்சல், அந்தப் பழைய டொமைனிலேயே இருக்கக் கூடாது.